கல்யாணக் கேசட்டுக்குள் ஆல்பம் போட்டோ: வீட்டுப் படம் தொகுப்பவர்களுக்கு

மும்பையில் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் அறுபதாம் கல்யாணமோ சதாபிஷேகமோ நடந்தால் மண்டபத்தில் இப்போது ஒரு திரையும் வைக்கிறார்கள். அதில் ஓட்டுவதற்கு அரை மணி, முக்கால் மணி நேரப் படம் ஒன்றை வீட்டுப் பிள்ளைகளே தொகுக்கிறார்கள். கைமுதல் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ எடுத்த கல்யாண வி.எச்.எஸ். கேசட், பரணில் நாலைந்து ஆல்பம், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த படங்கள், போன் வீடியோக்கள். ஆசையாக ஆரம்பிக்கிற வேலை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. போட்டோக்களை வரிசையாக அடுக்கி, நடுநடுவே வீடியோவைச் செருகி, கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரு சினிமாப் பாட்டைப் போர்த்திவிடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் மண்டபத்தில் பேச்சுச் சத்தம் எழும்பிவிடும்.

வீடியோ ஓடுகிறது, போட்டோ நிற்கிறது. ஓடுவது திடீரென்று நின்றால் ஏதோ மாட்டிக்கொண்டது போலிருக்கும். அந்த இடத்தில் சத்தம் மட்டும் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தால் கண் அந்த நிறுத்தத்தை ஏற்றுக்கொள்ளும். ஆகவே சத்தத்தை முதலில் சேகரியுங்கள். படம் அதன் பின்னால் வரட்டும்.

பாட்டியின் குரல்

ஆல்பத்தைப் பாட்டி மடியில் வைத்து, அவர் பேசுவதைப் பதிவு செய்வதுதான் முதல் வேலை. ஸ்கேன்கூட அதற்குப் பிறகுதான். போனை நாலாக மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒரு ஜாண், ஒன்றரை ஜாண் தூரத்தில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் பக்கம் புரட்டும் அதிர்வு ஒவ்வொன்றும் இடி போல் பதிவாகும். ஃபிளைட் மோடில் போடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். ரயில் பாதையை ஒட்டிய வீடென்றால் லோக்கல் கடந்து போன பிறகு அடுத்த கேள்வி. குக்கர் அடுப்பில் இருக்கும்போது உட்காரவே வேண்டாம். பக்கம் புரட்டும்போதெல்லாம் நீங்கள் "மூணாவது பக்கம், மேல் வரிசை" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எந்தக் குரல் எந்தப் போட்டோவுக்கு என்று பின்னால் தேடும் வேலை இதனால் பாதியாகும்.

"இது யார்?" என்று கேட்டால் பெயர் மட்டும் வரும். "இதை யார் எடுத்தா? அன்னிக்கு எங்கேர்ந்து வந்தேள்?" என்று கேட்டால்தான் கதை வரும். அவர் பேசும்போது "ம்… ம்…" கொட்டாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் "ம்" அவர் வாக்கியத்தின் மேல் ஏறிவிட்டால் அதைப் பிரித்தெடுக்கவே முடியாது. அரை மணி நேரப் பேச்சில் ஆறேழு நிமிடம் தேறினால் போதும்.

மும்பைக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்று அனேகமாக இருக்கும். அதைக் காட்டிப் பாட்டி, "வந்து எறங்கின நாலாம் நாள் எடுத்தது. சட்டை உங்க பெரிய தாத்தாவோடது, இரவல்" என்கிறார் என்று வையுங்கள். அந்த ஒரு வரி போட்டோவை எப்படிக் காட்டுவது என்றும் சொல்லிவிடுகிறது. முழுப் படத்தில் ஆரம்பிக்க வேண்டாம். விரல் கணு வரை தொங்குகிற சட்டைக் கையில் ஆரம்பித்து, முகத்துக்கு ஏறி, கடைசியில் பின்னால் நிற்கிற வளைவு தெரிய விலகுங்கள். "இரவல்" என்ற சொல் விழும்போது கண் அந்தக் கையில் இருக்க வேண்டும். எட்டு விநாடிக்குள் முடிந்துவிடும்.

போட்டோவை ஆல்பத்திலிருந்து எடுப்பது

மும்பையின் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரம் ஆல்பத்துக்கு எமன். பசைப் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளுமாக இருக்கிற பழைய ஆல்பங்களில் போட்டோவின் முதுகு பசையில் இறுகியிருக்கும், முகம் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். நகத்தால் கிளப்பினால் வண்ணப் படலம் உரிந்து வந்துவிடும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலை ஓர் ஓரத்திலிருந்து போட்டோவுக்கு அடியில் விட்டு, ரம்பம் போல் மெல்ல இழுத்தால் பசை விடும். விடாவிட்டால் பக்கத்தோடு அப்படியே ஸ்கேனரில் வையுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டிய பூஜை அறைப் படங்களைப் பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், லென்ஸ் மட்டும் தெரியும்படி கருப்புத் துணி ஒன்றை உங்கள் முன்னால் பிடிக்கச் சொல்லி, கண்ணாடி வழியாகவே படம் எடுத்துவிடலாம். துணி இல்லையென்றால் உங்கள் உருவமும் தாத்தாவோடு சேர்ந்து விழும்.

ஸ்கேன் அளவு எளிய கணக்கு. ஆறுக்கு நாலு அங்குலப் பிரிண்ட்டை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 3600 × 2400 பிக்சல் கிடைக்கும். முழு எச்.டி. திரையின் அகலம் 1920. எனவே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை உள்ளே போகலாம், முகம் உடையாது. 300 டி.பி.ஐ. என்றால் 1800தான், ஜூமுக்கு இடமே இல்லை. உள்ளங்கை அளவுக் கருப்பு வெள்ளைப் படங்களுக்கு 1200 வையுங்கள். 35 எம்.எம். நெகட்டிவ் இருந்தால் அது பிரிண்ட்டைவிட நல்ல மூலம். 2400 டி.பி.ஐ.யில் ஏறத்தாழ 3400 பிக்சல் அகலம் வரும். நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் இடம் வலமாகிவிடும். சட்டைப் பை இடப்பக்கம் இருக்கிறதா, பின்னால் உள்ள கடைப் பலகை எழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். மடிசார் மேலாக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம், அது குடும்ப வழக்கத்தைப் பொறுத்துத் தோள் மாறும்.

இருட்டில் வைத்த பழைய வண்ணப் பிரிண்ட்டுகள் பல செந்நிறமாகியிருக்கும். அவற்றில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறுவதால் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது. எடிட்டிங் மென்பொருளில் (எடிட்டர்) வெள்ளைச் சமநிலைக்கான சொட்டுக்குழாய்க் கருவியை எடுத்துத் தாத்தாவின் வேட்டியில் ஒரு சொடுக்கு போட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும். கரையில் அல்ல, வெயில் நேராகப் படாத மடிப்பில் சொடுக்குங்கள். தூசி நீக்கும் வசதியையும், ஏ.ஐ. கொண்டு முகத்தைத் தெளிவாக்கும் செயலிகளையும் மிக யோசித்துப் பயன்படுத்துங்கள். மூக்குத்தியையும் திருஷ்டிப் பொட்டையும் தூசி என்று அழித்துவிடக்கூடும். மங்கிய முகத்துக்கு இல்லாத கண்ணையும் பல்லையும் வரைந்து தரும். மண்டபத்தில் அந்தப் பாட்டியின் தங்கை உட்கார்ந்திருப்பார். இது என் அக்கா இல்லையே என்று அவருக்கு ஒரு கணம் தோன்றினாலும் அந்தப் போட்டோ வீண். மங்கலாக இருந்தாலும் உண்மை முகமே இருக்கட்டும்.

உறவினர்களிடம் கேட்கும்போது "போட்டோவா அனுப்பாதீங்கோ, டாக்குமென்ட்டா அனுப்புங்கோ" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியும் கோப்பிலிருந்து போய்விடும். ஐபோன்காரர்களிடமிருந்து ஹெய்க் கோப்புகள் வரும். சில எடிட்டர்கள் அவற்றைத் திறக்காது. எல்லாவற்றையும் ஜேபெக் ஆக்கி, ஆண்டு முதலில் வரும்படி பெயரிடுங்கள்: 1983_கல்யாணம்_07 என்பது போல. இப்படிப் பெயரிட்டாலே வரிசை தானாக அமையும்.

கேசட்

கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியின் உற்பத்தியைக் கடைசியாக நடத்தி வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி பழைய கருவிதான். கணினியில் ஏற்றுவதற்கான யூ.எஸ்.பி. கேப்சர் கருவியை மும்பையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டில் விசாரிக்கலாம். கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சணம். அப்படியே போட்டால் வி.சி.ஆர். ஹெட் அடைபடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நல்ல கேசட்டையும் முதலில் கடைசி வரை ஓட்டி, பின்னோக்கிச் சுற்றிவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக்கணக்கில் கிடந்த டேப் உள்ளே ஒட்டியிருக்கும்.

ஒரு மணிக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம்தான் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது. மஞ்சள் கம்பி படத்துக்கு, வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. ஒற்றை ஒலி மட்டும் தரும் மோனோ வி.சி.ஆர்.களில் வெள்ளை மட்டும் இருக்கும். ஏற்றியபின் நாதஸ்வரம் இடது காதில் மட்டும் கேட்கும். எடிட்டரில் அந்த ஒலியை மோனோ ஆக்கினால் இரு பக்கமும் வந்துவிடும். பதிவைப் பென்டிரைவில் செய்யாமல் கணினியின் உள் வட்டில் செய்யுங்கள். எழுதும் வேகம் போதாமல் ஃபிரேம்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) விடுபட்டால் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போகும்.

இந்திய வீடியோ பால் (PAL) என்ற டி.வி. முறையில் இருக்கும்: 720 × 576, விநாடிக்கு 25 ஃபிரேம், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதி வரிகளாகப் பின்னப்பட்டது. தாலி கட்டுகிற கை அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் போலத் தெரிவது இதனால்தான். டீ-இன்டர்லேஸ் செய்யுங்கள், அதாவது அந்தப் பின்னலைப் பிரித்து முழு ஃபிரேம் ஆக்குங்கள். எடிட்டர் யாடிஃப் முறையைக் கொடுத்தால் அது போதும். அந்தப் பிக்சல்கள் சதுரமும் அல்ல. படத்தை நாலுக்கு மூன்று என்ற விகிதத்தில் வைத்தால் 1080 உயரத்துக்கு 1440 அகலம் வரும், இரு பக்கமும் 240 கருப்பு இருக்கும். திரையை நிரப்ப வேண்டுமென்று இழுத்தால் மணப்பெண் முதல் மேளக்காரர் வரை எல்லோரும் பருத்துப்போவார்கள். அந்தக் கருப்புப் பட்டை ஒருவரையும் உறுத்துவதில்லை.

ஃப்ளாஷ் அடித்த ஃபிரேம்

இந்த வேலையிலேயே அழகான இடம் இது. கல்யாண வீடியோவில் முகூர்த்த நேரத்தில் திரை ஒரு கணம் வெளிறும். போட்டோகிராபரின் ஃப்ளாஷ் அது. அந்தக் கணத்தில் அவர் எடுத்த படம் உங்கள் ஆல்பத்திலேயே இருக்கிறது. கையின் நிலை, யார் எட்டிப் பார்க்கிறார், அட்சதைத் தட்டு எந்தப் பக்கம் என்று ஒப்பிட்டால் எது எதுவென்று கண்டுபிடித்துவிடலாம்.

டைம்லைனை (எடிட்டரில் படமும் ஒலியும் நேர வரிசையில் கிடக்கும் பட்டையை) முழுவதும் பெரிதாக்கி ஃபிரேம் ஃபிரேமாக நகருங்கள். 25 ஃபிரேமில் ஒன்று 0.04 விநாடி. வெளிறிய ஃபிரேம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அது முடிகிற இடத்தில், மேல் ட்ராக்கில் (வீடியோவுக்கு மேலே உள்ள வரிசையில்), ஆல்பம் போட்டோவை வையுங்கள். நாலு விநாடி, நேரடி கட், கரைதல் எதுவும் வேண்டாம். கீழே கேசட்டின் வீடியோவும் ஒலியும் அப்படியே ஓடட்டும். கெட்டிமேளம் ஒரு அடியும் பிசகாமல் கேட்டுக்கொண்டிருக்க, மங்கிய வீடியோ ஒரு கணம் கூர்மையான வண்ணப் படமாக நின்று, மறுபடி ஓடத் தொடங்கும். போட்டோ மறைத்த நாலு விநாடி வீடியோ போகிறதே என்று வீடியோவை வெட்டி நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் ஒலியையும் வெட்ட வேண்டிவரும், மேளம் தடுக்கும். முக்கியமான சடங்கு அந்த நாலு விநாடிக்குள் வந்தால் வேறு ஃப்ளாஷைத் தேர்ந்தெடுங்கள். மொத்தப் படத்தில் மூன்று, நாலு இடத்தில் செய்தால் போதும். எல்லா ஃப்ளாஷுக்கும் செய்தால் வேடிக்கையாகிவிடும்.

டைம்லைன்

மென்பொருள் எதுவானாலும் சரி. ஷாட்கட், கேடென்லைவ் இலவசம். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பும் நன்று, ஆனால் கொஞ்சம் பலமான கணினி கேட்கும். போட்டோவும் வீடியோவும் எல்லாம் ஒரே ஃபோல்டரில் வந்தபின் ஆரம்பியுங்கள். அண்ணன் பென்டிரைவிலிருந்து நேரே இழுத்துப் போட்டுவிட்டு அவர் அதை எடுத்துக்கொண்டு தானேக்குப் போய்விட்டால், டைம்லைனில் சிவப்புக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

கேசட்தான் படத்தின் உயிர் என்றால் டைம்லைனை 25 ஃபிரேமில் வையுங்கள். போன் வீடியோக்கள் 30இல் இருக்கும். அவற்றில் ஆறில் ஒரு ஃபிரேம் விழும், பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. இனிமேல் எடுக்கப்போகும் வீடியோவையும் 25இலேயே எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30இல் எடுத்தால் சில மண்டப விளக்குகளின் கீழே படம் துடிக்கும். ஐபோனில் கேமரா அமைப்புக்குள் பால் வடிவங்களைக் காட்டும் பொத்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வந்த வீடியோக்களில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். உதடும் குரலும் பொருந்தவில்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

ஒற்றை முகத்துக்கு நாலு விநாடி. குரூப் போட்டோவுக்கு எட்டு, ஏனென்றால் மண்டபத்தில் ஒவ்வொருவரும் தன்னைத் தேடுவார். கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்றால் நீங்கள் மெதுவாக ஒரு முறை வாய்விட்டுப் படிக்கும் நேரம். ஜூம் செய்தால் ஆறு விநாடியில் 100இலிருந்து 108 சதவீதம் வரை போதும். அதற்கு மேல் போனால் தலை சுற்றும். முதல் அரை விநாடியும் கடைசி அரை விநாடியும் அசையாமல் நிற்கட்டும்.

குரூப் போட்டோவைத் திரை அகலத்துக்கு நிரப்பும்போது ஒரு விபத்து நடக்கும். ஆறுக்கு நாலு படம் 1920 அகலத்தில் 1280 உயரமாகும், திரையோ 1080. மேலே நூறு வரி, கீழே நூறு வரி வெளியே போகும். மேலே போவது பின் வரிசைத் தலைகள், கீழே போவது தரையில் உட்கார்ந்த குழந்தைகள். இந்தப் படங்களை நிரப்பாமல் முழுதாகவே காட்டுங்கள். நிமிர்ந்த போட்டோவுக்கு அதையே மங்கலாக்கிப் பின்னணியாகப் போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு நிமிர்ந்த படங்களைப் பக்கம் பக்கமாக வைப்பது அதைவிட நல்லது. நாலுக்கு மூன்று படம் என்றால் ஒவ்வொன்றும் 810 அகலம், இரண்டும் சேர்ந்து 1620, மீதி 300ஐ மூன்று இடைவெளிக்கு நூறு நூறாகப் பிரித்துக்கொள்ளலாம். அம்மா பத்து வயதில், மகள் பத்து வயதில் என்று ஜோடி சேர்த்தால் தனியே விளக்கம் தேவைப்படாது.

தமிழில் தலைப்பு போடும்போது சில செயலிகளில் "கொ" என்பது க, கொம்பு, கால் என்று இடம் மாறிச் சிதறும். எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் திறன் அந்தச் செயலிக்கு இல்லாததால் வரும் கோளாறு இது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. லிப்ரே ஆபிஸிலோ இங்க்ஸ்கேப்பிலோ நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவில் எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக ஏற்றுமதி செய்து, அதையே தலைப்பாக மேல் ட்ராக்கில் வைத்தால் எங்கும் உடையாது. பெயர்க் குறிப்பில் "பெரியப்பா", "மாமா" என்று போடாதீர்கள். ஒருவருக்கு மாமா இன்னொருவருக்குச் சித்தப்பா. பெயரும் ஊரும் போதும். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் இருந்தால் பெயரைக் குரலிலேயே சொல்லவைத்துவிடுங்கள்.

காலமானவர்களின் படத்தைக் கடைசியில் கூட்டமாகப் போட்டு மாலை போட்ட சட்டங்களோடு முடிப்பது மங்கல நாளுக்குப் பொருந்தாது. அவர்கள் உயிரோடு இருந்த ஆண்டில், சிரித்துக்கொண்டிருக்கும் படமாக, வரிசையில் அவரவர் இடத்தில் வரட்டும். பிரிந்துபோன தம்பதியர் படம், சமீபத்தில் துக்கம் நேர்ந்த வீட்டுப் படம் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பேச்சின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமலும், அதன் கீழே ஓடும் நாதஸ்வரம் பேச்சைவிடப் பதினைந்து டெசிபலாவது குறைவாகவும் இருக்கட்டும். ஹெட்போனில் சரியாக இருப்பது மண்டப ஸ்பீக்கரில் குழம்பும். டி.வி.யில் ஒரு முறை ஓட்டி, அடுத்த அறையிலிருந்து கேளுங்கள். சொற்கள் புரிந்தால் சரி.

அனுப்புவது

கோப்பு எம்.பி.4, படச் சுருக்க முறை எச்.264, ஒலி ஏ.ஏ.சி. என்று வையுங்கள். இது எந்தப் பழைய டி.வி.யிலும் ஓட வாய்ப்பு அதிகம். எச்.265 சிறிய கோப்பு தரும், பழைய பெட்டியில் சத்தம் மட்டும் கேட்கும். நாற்பது நிமிடப் படத்தை விநாடிக்கு 12 மெகாபிட் வீதம் எக்ஸ்போர்ட் செய்தால் 3.6 ஜி.பி. வரும். ஃபேட்32 வடிவில் அமைத்த பென்டிரைவ் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது என்பதால் இது தோதான அளவு. படம் நீண்டால் பிட்ரேட்டை 8க்கு இறக்குங்கள். ஒரு மணிப் படமும் அதே 3.6க்குள் அடங்கும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் வரம்பு போகும், ஆனால் சில டி.வி.கள் அதைப் படிக்காது.

ஊரில் இருப்பவர்களுக்கு யூடியூபில் "அன்லிஸ்டட்" ஆக ஏற்றி லிங்க் அனுப்புவது வசதி. ஆனால் லிங்க் கிடைத்தவர் எவரும் பார்க்கலாம், மேலும் அனுப்பலாம். குளித்துவிட்டு நிற்கும் குழந்தைப் படங்கள் இருந்தால் ஏற்றும் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். "பிரைவேட்" என்றால் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். பாட்டிகளுக்கு அது நடக்காது. கணக்கை போன் எண்ணால் உறுதி செய்யாவிட்டால் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது. ஏற்றிய உடனே மங்கலாகத் தெரியும். எச்.டி. தயாராக நேரம் பிடிக்கும், எனவே முதல் நாளே ஏற்றிவிடுங்கள். விளக்கப் பகுதியில் 0:00 என்று தொடங்கிக் குறைந்தது மூன்று நேரக் குறிப்புகளைக் கொடுத்தால் அத்தியாயங்களாகப் பிரிந்துவிடும். திருநெல்வேலி அத்தை தன் பகுதிக்கு நேரே போய்க்கொள்வார்.

சினிமாப் பாட்டு அன்லிஸ்டட் ஆக இருந்தாலும் பிடிபடும். ஒலி நிறுத்தப்படலாம், சில நாடுகளில் படமே தெரியாமல் போகலாம். பழைய கல்யாணக் கேசட்டுகளில் வீடியோக்காரரே அசல் சத்தத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் பதிந்திருப்பது சகஜம். அந்தப் பகுதிகளில் ஒலியை மூடிவிட்டுப் பாட்டியின் குரலை வையுங்கள். முதலிலேயே பதிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாட்ஸ்அப் குழுவில் டாக்குமென்ட்டாக அனுப்பினாலும் 2 ஜி.பி. வரைதான் போகும், 3.6 ஜி.பி. முழுப் படம் போகாது. சிறிதாக்கி அனுப்பினாலும் பல பெரியவர்களின் போனில் அவ்வளவு இடம் இருக்காது. ஒன்றரை நிமிடத் துண்டு ஒன்றை, ஃப்ளாஷ் அடிக்கிற அந்த இடத்தைச் சேர்த்து வெட்டி, கீழே லிங்க்கோடு அனுப்புங்கள்.

மண்டபத்துக்குப் போகும்போது மடிக்கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவ் இரண்டில் ஒவ்வொரு பிரதி. எச்.டி.எம்.ஐ. போட்டதும் ஒலி புரொஜெக்டரின் குட்டி ஸ்பீக்கருக்குப் போய்விடும். மண்டப ஸ்பீக்கருக்குத் தனிக் கம்பி வேண்டும் என்று மைக்செட்காரரிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். விசேஷம் முடிந்தபின் படத்தோடு அசல் ஸ்கேன்களையும், பாட்டியின் வெட்டாத முழு ஒலிப்பதிவையும் இரண்டு வட்டில் ஏற்றி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். கேசட்டை முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப்புகாத டப்பாவில், புத்தகம் போல நிமிர்த்தி வைக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அந்தப் பையை ஒரு முறை மாற்றிவிடுங்கள்.